முயல்தீவு வெள்ளோட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

படகு வந்து இறங்கிவிட்டது. கொல்லையில் வேப்பமரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே பழைய லாரி டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பதினாறு அடி ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகு. ஒரு காலத்தில் உப்பள முதலாளி ஒருவர் குடும்பத்தோடு முயல்தீவுக்கு உல்லாசமாகப் போய்வர வாங்கியது. அவர் காலமான பிறகு உப்புக் கிட்டங்கியில் கிடந்தது. உள்ளே கோழிகள் அடைகாத்திருக்கின்றன. "இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்று அவர் மருமகனே லாரியும் பிடித்துக் கொடுத்தார். எஞ்சின் தனியாகச் சாக்கில் வந்தது. படகின் பின்பலகையில் தொங்கவிடுகிற மாதிரி, நாற்பது குதிரை, இரண்டு சிலிண்டர், பழைய ஜப்பான் சரக்கு. தலைச்சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன். பாறை மாதிரி இறுகிக் கிடக்கிறது.

பெண்டாட்டி எஸ்கலின் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "கப்பல் பத்தாதுன்னு இது வேறயா?" என்றாள்.

"சும்மா இருக்கச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஏப்ரல்ல கப்பல் ஏறணும்னிய. அதுக்குள்ள முடியுமா?"

முடியும் என்றேன். திரும்பி உள்ளே போகும்போது இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

ஏஜென்ட் சொன்னது: ஏப்ரல் இருபது, சிங்கப்பூரில் ஏற வேண்டும். செகண்ட் இன்ஜினியர் வேலை. அதற்கு முன் மெடிக்கல். இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, கண் சரி. ஐம்பத்தேழு வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. கீழே எஞ்சின் ஓடாத இடத்தில் மனிதன் எப்படித் தூங்குவது?

பிப்ரவரி 6, வெள்ளி

திரேஸ்புரத்திலிருந்து ததேயு வந்தான். ஃபைபர் படகு கட்டுகிறவன். எனக்குத் தூரத்து உறவு, என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஒரு சின்ன சுத்தியலால் படகு முழுவதையும் தட்டிக்கொண்டு வந்தான். உள்ளே தண்ணீர் புகுந்து உளுத்திருந்தால் தட்டும்போது தெரிந்துவிடுமாம். எனக்கா தெரியாது?

"அண்ணாச்சி, இங்கன தட்டிப் பாருங்க. பொதுக்குன்னு கேக்குதுல்லா?"

தட்டினேன். மற்ற இடம் எப்படியோ அப்படித்தான் இருந்தது. "எல்லாம் ஒண்ணுபோலதான் கேக்குது" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சாக்கட்டியால் நாலு இடத்தில் வட்டம் போட்டான். பின்பலகையில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்கு. ரெசின் விற்கிறவனுக்கு எல்லாப் படகும் ஓட்டைதான்.

பிப்ரவரி 7, சனி

அவன் மூக்கை உடைக்க வேண்டும் என்றே பின்பலகை வட்டத்தைக் கிரைண்டரால் திறந்தேன். உள்ளே பிளைவுட் ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. மற்ற மூன்று வட்டங்களும் அப்படியே. சரி, குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறான்.

பிப்ரவரி 12, வியாழன்

ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, பார்ப்பதற்குத் திருடன் மாதிரி இருக்கிறேன். உளுத்த பலகை முழுவதையும் சுரண்டி எடுத்தாகிவிட்டது.

எஸ்கலின் கடைக்குப் போகும்போது அடுப்பில் குக்கர் இருக்கிறது, மூணு விசில் வந்ததும் நிறுத்துங்கள் என்றாள். நான் அடுப்படியிலேயே காபி குடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விசிலும் வரவில்லை. அவள் வந்தபோது பருப்பு கரிந்து வீடெல்லாம் புகை. அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். குக்கருக்கு வெயிட் மாற்ற வேண்டும் என்றேன். எஸ்கலின் கரிந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். நடுப்பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கவே இல்லை. குனிந்து கண்மூடி இருந்தவன், நிமிர்ந்து பார்த்தால் சாமியார் பூசையில் வேறெங்கோ போய்விட்டார். பூசை முடிந்து உபதேசியாரைப் பிடித்தேன். "என்ன உபதேசியாரே, மணி அடிக்கக்கூடப் பையன் கெடைக்கலியா?"

"அடிச்சானே" என்றார் அவர். பிறகு எஸ்கலினைப் பார்த்தார். அவள் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கோயில் ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

பிப்ரவரி 24, செவ்வாய்

எஞ்சின் அசைந்தது.

இரண்டு வாரமாக ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஊற வைத்திருந்தேன். இன்று காலை தலைச்சக்கரத்தில் நீளக் கம்பியைக் கொடுத்து ஒரு மூச்சு. கடுகளவு நகர்ந்தது. இன்னொரு மூச்சு. பிறகு வெண்ணெய் மாதிரி சுற்றியது. கொல்லையில் தனியாக நின்று சிரித்தேன். இரண்டு மாதமாக இப்படிச் சிரித்ததில்லை.

பிஸ்டன் நல்லது. கார்புரேட்டரில் மட்டும் பழைய பெட்ரோல் கோந்தாகிக் கிடக்கிறது. மேல் பேரிங் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. விரலால் சுற்றிப் பார்த்தேன், சொரசொரப்பு இல்லை. அதையே போட்டுவிடலாம்.

எஞ்சின் ரூமில் எல்லோரும் காதுக்கு மஃப் மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டுவதில்லை. காதை மூடிக்கொண்டால் எஞ்சின் சொல்வது எப்படிக் கேட்கும்? இரண்டு தளம் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், மூன்றாம் நம்பர் ஜெனரேட்டரில் பேரிங் அழுகிறது என்று தட்டை வைத்துவிட்டு இறங்கி ஓடியிருக்கிறேன். திறந்து பார்த்தால் நான் சொன்னபடியே இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்கிரீனில் சிவப்பு எரிந்தால்தான் தெரியும்.

மார்ச் 2, திங்கள்

புதுப் பலகை வைத்து ஃபைபர் மேட் ஒட்டியாகிவிட்டது. முதல் டப்பாவில் அவசரத்தில் ஹார்டனர் கூடிப்போய், ரெசின் கொதித்துப் புகைந்து, டப்பாவே உருகிவிட்டது. ததேயு தூரத்தில் இருந்தே கத்தினானாம். பக்கத்தில் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பார்த்தேன். "அவசரம் என்ன அண்ணாச்சி, கச்சான் காத்து தொடங்க இன்னும் நாளு கெடக்கு" என்கிறான். காற்றுக்கு நாள் இருக்கிறது, எனக்கு இல்லை.

எஸ்கலினுக்குப் புதுப் பழக்கம். அறைக்குள் வரும்போது தரையைத் தங்குதங்கென்று மிதித்துக்கொண்டு வருகிறாள். பேசத் தொடங்குமுன் மேசையில் ஒரு தட்டு. மூட்டுவலியா என்று கேட்டேன். "ஆமா, மூட்டுவலிதான்" என்றாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஏஜென்ட் போன் செய்தான். இந்த போன் சரியில்லை, தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. மெசேஜாக அனுப்பு என்றேன். அனுப்பினான். மெடிக்கல் ஏப்ரல் ஒன்பது. கீழே இன்னொரு வரி: "ஆடியோமெட்ரி, காது டெஸ்ட், கண்டிப்பாக எடுக்கச் சொல்கிறார்கள் சார். போன கப்பலில் இருந்து ஏதோ சொல்லியிருக்கிறார்கள்."

என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். போன கப்பலில் இருந்து, ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே இறங்கி வந்தேன். சீஃப் இன்ஜினியருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொன்னேன், அது பொய்யில்லை. பாய்லர் பக்கம் அலாரம் அடித்ததாம். நான் அதற்கு நேர் கீழே நின்றேன். அடித்திருந்தால் எனக்குத் தெரியாதா? வால்வைத் திறக்கச் சொன்னேன். ஃபிட்டர் ரெனால்டோ திறந்தான். நீராவி அவன் கையில் அடித்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், மணிலாவில் பேரப்பிள்ளை இருக்கிறது. அலாரத்தைச் சோதிக்க வேண்டும் என்று நான் சீஃபிடம் சொன்னேன். சோதித்தார்கள். வேலை செய்கிறது என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த சீஃப் அப்படிப்பட்ட ஆள்.

மார்ச் 10, செவ்வாய்

வேலை ஓடவில்லை. கடற்கரை வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் நடந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

எஞ்சினை மரச் சட்டத்தில் மாட்டி, அடிப்பாகத்தைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, கயிற்றை இழுத்தேன். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. கொல்லை முழுவதும் வெள்ளைப் புகை. பக்கவாட்டு ஓட்டையில் குளிர்ச்சித் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. மூடியில் உள்ளங்கையை வைத்தேன். சீரான துடிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகையினால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

எஸ்கலின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"என்ன இப்படிக் கீச்சுன்னு கத்துது? சிலேட்டுல ஆணியால கீறுன மாதிரி இருக்கு. பல்லு கூசுது."

"டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்படித்தான் கத்தும்."

"மேல இருந்து கத்துதுங்க."

கப்பல்காரன் பெண்டாட்டியாக முப்பத்தோரு வருஷம் இருந்தால் இன்ஜினியர் ஆகிவிடலாம் போலிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ததேயுவோடு சண்டை. அவன் முன்னால் எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். ஒரு நிமிஷம் நின்றவன், "மேல் பேரிங்க மாத்திருங்க அண்ணாச்சி, அழுவுது" என்றான். நான் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டேன். பழைய வித்தை, ஒருபோதும் ஏமாற்றியதில்லை. தம் தம் என்று வந்தது. வேறெதுவும் இல்லை.

"நீ பொறக்குறதுக்கு முன்னாலயே நான் எஞ்சின் பார்த்தவன்" என்று கத்திவிட்டேன். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, கணக்குக்கூடச் சரியில்லை. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்கலினிடம் போய் மெதுவாக ஏதோ பேசிவிட்டுப் போனான். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து முடித்தேன். படகு பதினெட்டு வயதுப் பெண் மாதிரி இருக்கிறது. இன்றைக்கு யாரிடமும் சண்டை இல்லை. யாரிடமும் பேசவும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டர் முடிந்த மறுநாள். இதை எழுத உட்காருவதற்கே மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். வலது உள்ளங்கையில் கட்டு, எழுத்து கோணுகிறது.

காலையில் படகை இறக்கினோம். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். எஸ்கலின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு? சேலையெல்லாம் நனையும்."

"கலியாணம் ஆன நாள்ல இருந்து கப்பல்காரன் பொண்டாட்டின்னு பேரு. ஒரு நாளாவது ஒங்ககூடக் கடல்ல போயிருக்கனா?"

கையைப் பிடித்து ஏற்றினேன். பின்னால் எஞ்சின் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். ஏதாவது ஆபத்து என்றால் இந்தச் சிவப்புக் கயிற்றை இழுத்துவிடு, எஞ்சின் நின்றுவிடும் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன். நான் முன்னால் ஸ்டியரிங்கில் நின்றேன்.

முதல் இழுப்பிலேயே பிடித்தது. கடல் எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது. துறைமுகத்தை விட்டு விலகியதும் வேகம் கொடுத்தேன். மூக்கு தூக்கிக்கொண்டது. காலடியில் துடிப்பு, முகத்தில் உப்பு. இத்தனை மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் உட்கார்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பழைய ஆள்தான் என்று நினைத்தேன். முயல்தீவு மரங்கள் தெரிந்தன. தீவைச் சுற்றி வெளிக்கடலுக்குப் போய்விட்டு வரலாம் என்று இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

எஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது.

திரும்பினேன். எஸ்கலின் கையில் சிவப்புக் கயிறு. முடி கலைந்து முகமெல்லாம் ஒட்டியிருந்தது. அவள் வாய் அசைந்தது.

"எதுக்கு இழுத்த?" என்று கத்தினேன். "நல்லா ஓடிட்டிருந்த எஞ்சின எதுக்குடி நிறுத்துன?"

அவள் எழுந்து, தடுமாறி, முன்னால் வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். "கத்துனேங்க. தொண்ட கிழியக் கத்துனேன். எஞ்சினும் கத்துது, நானும் கத்துறேன். நீங்க திரும்பவே இல்ல. காலால மிதிச்சேன். எஞ்சின் ஆட்டத்துல அதுவும் ஒங்களுக்குத் தெரியல."

நான் பின்னால் போய் மூடிமேல் கையை வைத்தேன். தோல் ஒட்டிக்கொண்டது. மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றினால் மேல் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து, சுற்றிலும் பெயின்ட் கருகிக் கிடந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் தண்டு முறிந்திருக்கும். வெளிக்கடலில், அவளையும் வைத்துக்கொண்டு.

படகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என் கையை எடுத்துத் தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து ஊற்றினாள்.

"மொதல்ல காலிங் பெல் கேக்கல. பொறகு போன் கேக்கல. ஒவ்வொரு லீவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சு வந்திய. நான் பெல்ல குத்தம் சொன்னேன், போனக் குத்தம் சொன்னேன். நீங்க சொன்னதையே நானும் சொன்னேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எங்க போவிய?"

நான் கடலைப் பார்த்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடு தெரிய வேண்டும் என்றுதான், இப்போது புரிகிறது.

"அந்த பிலிப்பைன்ஸ்காரன் கையி வெந்தது இதனாலதான?"

ரெனால்டோவைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தூக்கத்துல பேசுதிய. ரெனால்டோ, மன்னிச்சிரு, கையி வெந்துட்டே, மணிலாவுல என்ன சொல்லுவேன்னு பொலம்புதிய. ஒங்களுக்குத்தான் கேக்காது. எனக்குக் கேக்கும்லா."

வெகுநேரம் கழித்து ததேயு தன் படகில் வந்தான். கரையில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கயிறு கட்டி இழுத்துப்போனான். பேரிங்கைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

எஸ்கலின் இன்று என்னோடு பேசவில்லை. அல்லது பேசினாளோ என்னவோ.

ஏப்ரல் 9, வியாழன்

மெடிக்கலுக்குப் போனேன். எஸ்கலின் கூட வரட்டுமா என்று கேட்கவில்லை, வந்தாள். ஆட்டோவில் இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

காத்திருந்த இடத்தில் மணப்பாட்டுக்காரர் ஒருவர், என் வயதுதான், இழுவைக் கப்பலில் மாஸ்டர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். இரண்டாவது தடவை கேட்டபிறகு சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "பயப்படாதிய. அந்தக் கூண்டுல கண்ணாடி இருக்கு. அந்தப் பிள்ள சத்தம் விடும்போது அது விரலு அசையும். விரலப் பாத்து அமுக்குங்க. நம்ம ஆளுவ பாதிப் பேரு அப்படித்தான் ஏறுதானுவ."

காது சோதிக்கிற கூண்டு ஒரு அலமாரி அளவுதான். ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப் பெண் ஒருத்தி. அவர் சொன்னது உண்மை. மெஷின்மேல் அவள் விரல் வெள்ளையாகத் தெரிந்தது. அசைந்தது. அதே நேரத்தில் காதில் ஒரு சத்தம் கேட்டது, அழுத்தினேன். மறுபடி அசைந்தது. இந்தத் தடவை காதில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

அழுத்தினால் சிங்கப்பூர். ஆசையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வாயில் எச்சில் ஊறுகிற அளவுக்கு ஆசை. கூடவே, கீழே யாரோ ஒருவன் நான் சொன்னதை நம்பி வால்வில் கை வைப்பான் என்பதும் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடியபிறகு சில சத்தங்கள் வந்தன. கனத்த சத்தங்கள், தூரத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி. அழுத்தினேன். பிறகு நின்றுவிட்டது. மெஷினைச் சரிசெய்கிறாள் போலிருக்கிறது, அடுத்தது வரட்டும் என்று பொறுமையாக இருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், வருவது தவறிவிடக்கூடாதென்று. ஒன்றும் வரவில்லை.

தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தேன். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள்.

"மறுபடி எப்பம்மா தொடங்குவ?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொன்னாள். கேட்கவில்லை, ஹெட்போனை நான் இன்னும் கழற்றவில்லை. அவளே கழற்றினாள். "முடிஞ்சிட்டு சார்" என்று மறுபடியும் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "ரெண்டு காதும் முடிஞ்சு கொஞ்ச நேரம் ஆயிட்டு."

வெளியே வந்தேன். பெஞ்சில் எஸ்கலின் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வலது காது இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. அவளைச் சுற்றிப் போய், அவள் பேசினால் அந்தக் காதில் விழும்படியான பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.